பைகுல்லா மியூசியத்துக்கு யார் காசு கொடுத்தது? பழைய நகர அருங்காட்சியகம், பணம், பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் மும்பைக்கு வந்தாலும் பைகுல்லாவுக்கு ஒரு நடை கூட்டிப்போவது என் வழக்கம். ராணி பாக் விலங்குப் பூங்காவில் பென்குவின் பார்க்க வரும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய், நாங்கள் மட்டும் பக்கத்தில் இருக்கும் டாக்டர் பாவு தாஜி லாட் மும்பை நகர அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுவோம். உள்ளே நின்று கூரையை நிமிர்ந்து பார்த்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதுக்கெல்லாம் யார் காசு கொடுத்தது?" அதற்குப் பதில் சொன்னால் பின்னாலேயே இருபது கேள்விகள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் நின்று சொல்லி முடியவில்லை, அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்திருக்கிறேன்.

முதல்ல இது என்ன மியூசியம்? நம்ம எழும்பூர் மியூசியம் மாதிரியா?

ஏறக்குறைய அதே காலத்து ஆள். எழும்பூர் மியூசியம் தொடங்கியது 1851-ல். பம்பாயில் 1855-ல் கோட்டைப் பகுதியில் இருந்த ஒரு ராணுவக் குடியிருப்பில் தொடங்கினார்கள். 1857-ல் கிளர்ச்சி வெடித்ததும் ராணுவத்துக்கு இடம் வேண்டும் என்று பொருட்களை அவசர அவசரமாக வெளியேற்ற, பலதும் உடைந்து போனது. தனிக் கட்டடத்துக்கு 1862-ல் அடிக்கல் நாட்டி, 1872 மே 2-ல் திறந்தார்கள். அப்போது பெயர் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம். 1975-ல்தான் பாவு தாஜி லாட் பெயரை வைத்தார்கள். அவர் டாக்டர், பழங்காலக் கல்வெட்டுகளில் ஆர்வம் உள்ளவர், இந்த மியூசியம் உருவாக அலைந்த குழுவின் செயலாளர்.

பழைய மெட்ராசில் விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். பைகுல்லாவில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. கூட்டம் எந்தக் காலேஜுக்குப் போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

கட்டினப்போ யார் பணம்? வெள்ளைக்காரன் பணம்தானே?

முழுசாக இல்லை. 1858-ல் பொதுக்கூட்டம் போட்டு ஊரில் நிதி திரட்டினார்கள். ஜகந்நாத் சங்கர்சேட், ஜம்சேட்ஜி ஜீஜீபாய், டேவிட் சசூன் போன்ற பம்பாய்ப் பெரும்புள்ளிகள் கொடுத்தார்கள். பாவு தாஜி வசூலுக்கு அலைந்தார். அரசாங்கமும் கை கொடுத்தது. பெயர் மகாராணிக்கு, பணத்தில் ஒரு பங்கு பம்பாய் வியாபாரிகளுடையது.

இன்னொன்றையும் பாருங்கள். அடிக்கல்லுக்கும் திறப்புக்கும் நடுவே பத்து வருடம். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வரவில்லை. பம்பாய்ப் பருத்திக்குத் தங்க விலை கிடைத்தது. 1865-ல் போர் முடிந்தது, பருத்தி விலை விழுந்தது, ஷேர்கள் காகிதமாயின, கோடீஸ்வரர்கள் திவாலானார்கள். நன்கொடையை நம்பிக் கட்டடம் எழுப்பினால் நன்கொடையாளரின் தலையெழுத்துதான் கட்டடத்தின் தலையெழுத்தும்.

அப்புறம் ஏன் பாழாச்சு?

இடித்தவர் யாரும் இல்லை, பார்த்துக்கொள்ளவும் ஆள் இல்லை, அவ்வளவுதான். மியூசியம் மாநகராட்சி கைக்குப் போனது. பிறகு பல பத்தாண்டுகள் சம்பளம், மின்சாரம், அவ்வப்போது ஒரு கோட் பெயின்ட் என்று ஓடியது. பம்பாய் மழையோ வருடத்துக்கு நாலு மாதம் தவறாமல் வரும். கூரையில் ஒரு தகரம் நகர்ந்தால் அந்த வருடமே மாற்ற ஆயிரங்களில் முடியும். விட்டால் தண்ணீர் மரச்சட்டத்துக்கு இறங்கும், பிறகு பூச்சுக்கு, பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள். அப்போது செலவு கோடிக்குப் போய்விடும். 1990-களின் கடைசியில் இந்தக் கட்டடம் அந்த நிலையில்தான் இருந்தது.

மும்பை மாநகராட்சிகிட்ட இல்லாத பணமா? ஏன் வெளியில கையேந்தணும்?

நியாயமான கேள்வி. மும்பை மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். சில மாநிலங்களின் பட்ஜெட்டைவிடப் பெரிது.

ஆனால் 1888-ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டம் வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. சாக்கடை, குடிநீர், குப்பை, சாலை எல்லாம் கட்டாயக் கடமை, செய்தே தீர வேண்டும். மியூசியம், நூலகம், கலைக்கூடம் போன்றவை விருப்பக் கடமை, செய்தால் செய்யலாம். கமிஷனர் மேஜையில் இரண்டு கோப்பு இருந்தால் எது முதலில் கையெழுத்தாகும்? மழையில் தாழ்வான ஹிந்துமாதா பகுதியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது மியூசியத்தில் கூரை ஒழுகுகிறது என்று எந்த கவுன்சிலரும் குரல் கொடுக்க மாட்டார். பணம் இருப்பது வேறு, அந்தப் பணம் நம் வரிசைக்கு வருவது வேறு.

2003-ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்கன்னு போர்டுல இருக்கே, அது என்ன?

மூன்று பேர் சேர்ந்து போட்ட ஒப்பந்தம். கட்டடமும் பொருட்களும் மாநகராட்சியுடையவை. ஜம்னாலால் பஜாஜ் அறக்கட்டளை நிதியோடு வந்தது. பாரம்பரியக் கட்டடங்களுக்காக 1984-லிருந்து இயங்கும் இன்டாக் அமைப்பு தொழில்நுட்ப அறிவைக் கொண்டுவந்தது. இதற்குப் பின்னால் நின்று இழுத்தவர் தஸ்னீம் மேத்தா. கட்டடப் பாதுகாப்பு வேலையைப் பார்த்தவர் கட்டடக்கலைஞர் விகாஸ் திலாவரி.

வேலைக்கு 2005-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் உயர்ந்த விருது கிடைத்தது. மியூசியம் மக்களுக்குத் திறந்ததோ 2008 ஜனவரியில். விருது வந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள். கட்டடத்தைச் சரி செய்வது ஒரு வேலை. களிமண் பொம்மைகள், வரைபடங்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, செப்பனிட்டு, ஒளி அமைத்து, விளக்கம் எழுதி வைப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள், தனித்தனிச் செலவு. புதிதாகத் திட்டம் போடுகிறவர்கள் பலரும் முதல் கணக்கை மட்டும் போட்டுவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

அப்போ மியூசியத்தைத் தனியாருக்குத் தாரை வார்த்துட்டாங்கன்னு சொல்லுங்க!

இல்லை. மேலே சொன்ன மாதிரி நிலம், கட்டடம், பொருள் மூன்றும் மாநகராட்சி பெயரில்தான் இருக்கின்றன. நிர்வாகத்தை மாநகராட்சியும் மற்றவர்களும் சேர்ந்து உட்காரும் ஒரு அறங்காவலர் குழுவிடம் விட்டார்கள். தாரை வார்ப்பதென்றால் திரும்ப வாங்க முடியாது. இது காலக்கெடு உள்ள ஒப்பந்தம்.

ஆனால் கேட்கிறவர்களின் சந்தேகத்தைத் தள்ளிவிடவும் மாட்டேன். காசு கொடுத்தவர் குழுவில் உட்கார்ந்தால், எந்தக் கண்காட்சி வைப்பது, மண்டபத்தை எந்த விழாவுக்குக் கொடுப்பது என்பதில் அவர் குரல் ஓங்கத்தானே செய்யும்? அதைத் தடுப்பது குழுவின் விதிகளும், மாநகராட்சி ஆட்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வருவதும்தான். இரண்டாவது பெரும்பாலும் நடப்பதில்லை என்பது என் அபிப்பிராயம், பொதுவாகவே சொல்கிறேன்.

பழைய கட்டடத்துக்குப் பெயின்ட் அடிக்க இவ்வளவு செலவா?

பெயின்ட் என்று சொல்லித்தான் பல கட்டடங்களைக் கெடுத்தார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே போன ஈரம் வெளியே வர வேண்டும். அதன்மேல் சிமென்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பூச்சைப் பொக்குளம் பொக்குளமாகப் பெயர்க்கும். ஆகவே முதல் செலவே பழைய தவறுகளைச் சுரண்டி எடுப்பதற்கு. அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை தொடங்கும்.

பைகுல்லாவில் வார்ப்பிரும்புத் தூண்கள், கைப்பிடிக் கம்பிகள், மின்டன் தரை ஓடுகள், செதுக்குக் கண்ணாடி, தேக்குப் பெட்டிகள், கூரைச் சித்திரம், அதில் நிஜத் தங்க ரேக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி வித்தைக்காரர். தங்க ரேக்கில் தங்கம் கொஞ்சம்தான் போகும், கூலிதான் அதிகம். சாரத்தில் மல்லாந்து படுத்தபடி நாள் முழுக்க ஒட்டுகிற கைக்கு நாட்கூலிக் கணக்கு சரிவராது.

டெண்டர் விட்டு, குறைஞ்ச ரேட்டுக்குக் கொடுத்தா மிச்சம் ஆகுமே?

அரசு வேலையில் குறைந்த விலை சொன்னவருக்கு 'எல்-ஒன்' என்று பெயர். சாக்கடை மூடிக்கு அது சரி. பழைய கட்டடத்துக்கு வரும்போது இரண்டு சிக்கல். அரசு விலைப்பட்டியலில் சிமென்ட் பூச்சுக்கு விலை இருக்கும், நூற்றைம்பது வருடத்துக் கூரைச் சித்திரத்தைச் சுத்தம் செய்ய விலை இருக்காது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக விலை நிர்ணயம் செய்து, தணிக்கைக்காரருக்கு விளக்கம் எழுத வேண்டும். பயந்த பொறியாளர் பட்டியலில் இருக்கும் சிமென்டுக்கே போய்விடுவார்.

இரண்டாவது, பிரித்துப் பார்க்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உத்தரத்தின் முனை சுவருக்குள் இருக்கும், அதைக் கரையான் தின்றிருந்தால் சுவரைத் திறந்த அன்றுதான் தெரியவரும். அதனால் மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்குப் புதுக் கட்டடத்தைவிடத் தாராளமாக ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் பாதியில் கோப்பு மேலே போகும், வேலை நிற்கும், அதற்குள் மழைக்காலம் வந்துவிடும். அப்புறம், ஒப்பந்த வேலைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. நன்கொடையாளரிடம் தொகையைச் சொல்லும்போது அதைச் சேர்க்க மறந்து அசடு வழிந்தவர்கள் உண்டு.

டிக்கெட் விலையை ஏத்தினா போதாதா?

இங்கே பெரியவர்களுக்குப் பல வருடம் 10 ரூபாய்தான் டிக்கெட். ஒரு பேச்சுக்கு வருடம் இரண்டு லட்சம் பேர் வந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சம் ரூபாய். காவலாளிகள் சம்பளத்துக்கே காணாது. ஐந்து மடங்கு ஏற்றி, ஒருவர்கூடக் குறையாமல் வந்தாலும் ஒரு கோடி. கூரை வேலைக்கு அது முன்பணம்.

பக்கத்துப் பூங்காவில் பென்குவின் வந்த பிறகு 2017-ல் டிக்கெட்டை 5 ரூபாயிலிருந்து 50 ஆக்கினார்கள், கூட்டம் வந்தது. பென்குவினுக்கு வருவார்கள், 19-ஆம் நூற்றாண்டு வரைபடத்துக்கு அப்படி வருவார்களா? பக்கத்து லால்பாகிலிருந்து நாலு பிள்ளைகளோடு வரும் குடும்பம் டிக்கெட் விலையைப் பார்த்துத் திரும்பிப் போனால், அது நகர மக்களின் மியூசியம் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. பெரிய மியூசியங்களும் பொதுவாக டிக்கெட் காசை மட்டும் வைத்துக் கட்டடத்தைப் புதுப்பிப்பதில்லை.

கம்பெனிகள் சிஎஸ்ஆர்ல கொட்டிக் கொடுக்கணும்னு சட்டமே இருக்கே?

இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுவரவு 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (அதுதான் சிஎஸ்ஆர்) செலவழிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணிகள் பட்டியலில் கலை, பண்பாடு, வரலாற்றுக் கட்டடச் சீரமைப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதே பட்டியலில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிநீரும் உண்டு. கம்பெனியின் குழு எதைத் தேர்ந்தெடுக்கும் என்பது தெரிந்ததே.

இன்னொரு இடைஞ்சல், காலம். இந்தப் பணத்தைப் பொதுவாக அந்தந்த நிதியாண்டிலேயே செலவழிக்க வேண்டும். 'தொடர் திட்டம்' என்று பதிவு செய்தால் தொடங்கிய வருடம் போக மேலும் மூன்று வருடம் கிடைக்கும், மீதப் பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பைகுல்லா வேலை 2003-ல் தொடங்கி 2008-ல் திறந்தது என்பதை நினைவில் வையுங்கள். சட்டம் கொடுக்கும் மூச்சைவிட வேலை நீளம். ஆகவே கம்பெனியிடம் "மியூசியத்தைப் புதுப்பிக்கிறோம்" என்று போகாதீர்கள். "கிழக்குப் பக்கக் கூரை, இரண்டு வருடம், இவ்வளவு" என்று துண்டாக எடுத்துப் போனால் கதவு திறக்கும்.

அதுக்குப் பதிலா பெரிய தொகையா வாங்கி பேங்க்ல போட்டு, வட்டியில நடத்தலாமே?

கோயிலுக்குக் கட்டளை எழுதிவைப்பது மாதிரி. விளக்கெரிக்க நிலம், விளைச்சலில் எண்ணெய். நம் ஆட்களுக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயமே இல்லை. அமெரிக்காவின் பெரிய மியூசியங்கள் பலவும் இப்படிப்பட்ட மூலநிதியைப் பெரிதும் நம்பியிருக்கின்றன.

இங்கே சிக்கல் என்னவென்றால், மேலே சொன்ன சிஎஸ்ஆர் பணத்தை மூலநிதியாகப் போட விதிகள் இடம் கொடுப்பதில்லை. 2021-ல் கம்பெனி விவகார அமைச்சகம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. காரணம் புரிகிறது. மூலநிதி என்று வாங்கிப் பணத்தைத் தூங்கவிட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் விளைவைப் பாருங்கள்: கூரையைப் பிரித்துப் போட கம்பெனிப் பணம் கிடைக்கும், அந்தக் கூரையை இருபது வருடம் பார்த்துக்கொள்ள நிதி வைக்கக் கிடைக்காது. என்னைக் கேட்டால் இந்தத் துறையின் ஆணிவேர்ச் சிக்கலே இதுதான். மூலநிதி வேண்டுமென்றால் தனிநபர்கள், குடும்ப அறக்கட்டளைகள், அரசு மானியம் இவற்றிடம்தான் போக வேண்டும்.

சிங்கப்பூர்ல, அமெரிக்கால இருக்கிற நம்ம ஆளுங்க அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. குடியுரிமை மாறிவிட்டால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அப்போது வாங்குகிற அமைப்புக்கு 2010-ஆம் வருடத்து எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு வேண்டும், பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பேங்க் கிளை ஒன்றின் தனிக் கணக்குக்குத்தான் வர வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அனுப்பும் முன் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நான் ஐயாயிரம் கொடுத்தா வரிக் கழிவு உண்டா?

80ஜி என்று எல்லோரும் சொல்லும் கழிவு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புது முறைக்கு மாறியிருந்தால் கிடையாது. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாகப் பாதித் தொகைக்குக் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. மத்திய அரசு 1996-ல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதிக்குக் கொடுத்தால் முழுத் தொகைக்கும் கழிவு, இன்ன திட்டத்துக்கு என்று குறிப்பிட்டுக் கொடுக்கவும் வழி இருக்கிறது. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் எதுவும் கிடைக்காது.

காசு கொடுத்தா பேரைப் போட்டு போர்டு வைப்பாங்களா?

வைப்பார்கள். ஊர்க் கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதிய பரம்பரையாச்சே நாம்.

இதில் ஒரு வரி நுணுக்கம் உண்டு. நன்றிக்காகப் பெயர் மட்டும் பொறித்தால் ஜிஎஸ்டி இல்லை. அதே பலகை கம்பெனியின் சரக்கை விளம்பரம் செய்தால் அது நன்கொடை இல்லை, விளம்பரக் கட்டணம், ஜிஎஸ்டி உண்டு என்று 2019-ல் ஒரு சுற்றறிக்கையே வந்திருக்கிறது.

என் வருத்தம் வேறு. காட்சிக்கூடத்துக்குப் பெயர் கொடுக்க ஆள் கிடைக்கும், லிஃப்டுக்குக்கூடக் கிடைக்கும். மழைநீர்க் குழாய்க்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்ள யாரும் வரமாட்டார்கள். கெட்டிக்கார நிர்வாகி பெயர் போடுகிற ஒவ்வொரு நன்கொடையிலும் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுவார்.

தப்பான வழியில சம்பாதிச்சவன் கொடுத்தா வாங்கலாமா?

வலிநிவாரணி போதை மாத்திரை விவகாரத்தில் சிக்கிய சாக்லர் குடும்பத்தின் பெயரை பாரிஸ் லூவ்ர் 2019-லும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2021-லும் காட்சிக்கூடங்களிலிருந்து எடுத்தன. பலகையைக் கழற்றுவது சுலபம், அந்தப் பணத்தில் கட்டிய கூடம் அப்படியே நிற்கிறது.

நாம் ரொம்பவும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம். இரண்டாவது பதிலில் சொன்ன ஜீஜீபாயும் சசூனும் பருத்தியில் மட்டுமா சம்பாதித்தார்கள்? சீனாவுக்கு அனுப்பிய அபினிலும்தான். அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரியும் வந்தது, நூலகமும் வந்தது, மியூசியமும் வந்தது. நகர மியூசியம் என்றால் இதையும் ஒரு பலகையில் எழுதி வைக்கலாம் என்பது என் கட்சி. புதுப் பணம் விஷயத்தில், வாங்கும் முன்பே "இன்ன சூழ்நிலையில் பெயரை எடுத்துவிடுவோம்" என்று ஒரு வரி எழுதி வாங்குவது நல்லது.

குடோன்ல கிடக்கிற பொருளை வித்தா பணம் வருமே? யாரும் பார்க்கப்போறதில்லையே?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பெர்க்‌ஷயர் மியூசியம் என்று ஒரு ஊர் மியூசியம். புதுப்பிக்கவும் மூலநிதி சேர்க்கவும் தன் ஓவியங்களை விற்கப்போவதாக 2017-ல் அறிவித்தது. அவற்றில் சில, ஓவியர் நார்மன் ராக்வெல் தானே அந்த மியூசியத்துக்குக் கொடுத்தவை. அவர் பிள்ளைகளே கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் 2018-ல் கோர்ட் அனுமதித்தது, 5 கோடி டாலருக்கு மேல் வந்தது. பணம் வந்தது சரி, மியூசிய இயக்குநர்கள் சங்கம் அதை ஒதுக்கிவைத்தது, இனி அதற்கு யாரும் பொருள் இரவல் கொடுக்க வேண்டாம் என்றது.

இங்கே பொருட்கள் மாநகராட்சிச் சொத்து, அதாவது மக்கள் சொத்து. 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பொருளை விற்றுக் கூரை போட்டால் அந்தக் கூரைக்குக் கீழே எதை வைப்பீர்கள்?

பக்கத்துல பெரிய கட்டடம் வரப்போவுதுன்னாங்களே, அது என்னாச்சு?

வடக்குப் பிரிவு என்று ஒரு விரிவாக்கத் திட்டம். உலக அளவில் போட்டி வைத்து, 2014-ல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் ஸ்டீவன் ஹோலின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறக்குறைய 1,25,000 சதுர அடி, வெள்ளைக் கான்கிரீட், நடுவில் ஒரு குளம், குளத்து நீருக்கு அடியில் சூரிய மின்தகடுகள். படத்தில் பார்க்க அபாரம். கட்டடம் எழவில்லை.

படம் வந்துவிட்டால் பணமும் வந்துவிட்டது என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். படம் காட்டுவது பணம் திரட்டும் வேலையின் முதல் நாள்தான். அதற்கு மேல் நிலம் யாருடையது, பூங்காவின் மரங்கள் என்ன ஆகும், வெளிநாட்டுக் கலைஞருக்கு மாநகராட்சி எந்தத் தலைப்பில் கட்டணம் தரும் என்று நூறு கேள்வி. இதில் ஒரு தேர்தல் வந்தாலும் கோப்பு அடியிலிருந்து ஏற வேண்டும்.

பழசையே பார்த்துக்க முடியல, புதுசு எதுக்கு?

பழைய மண்டபத்தில் குளிர்சாதனக் குழாய் ஓட்ட முடியாது, பெரிய கண்காட்சி வைக்க முடியாது, பள்ளிப் பிள்ளைகள் நூறு பேர் உட்கார இடமில்லை. சேமிப்பறை வேண்டும், செப்பனிடும் கூடம் வேண்டும். இவற்றைப் பழைய கட்டடத்துக்குள் திணித்தால் அதுதான் கெடும். எனவே விரிவாக்கம் ஆடம்பரம் இல்லை.

ஆனால் 1,25,000 சதுர அடிக்கு வருடா வருடம் கரன்ட் பில் யார் கட்டுவார்கள் என்று முதலில் எழுதிவிட்டுப் படம் வரையட்டும். ஆயிரம் சதுர அடியில் ஒரு நல்ல சேமிப்பறை கட்ட இவ்வளவு போராட்டம் தேவையில்லை. அதற்குத் திறப்பு விழா வைக்க யாருக்கும் ஆசை வராது, அதுதான் குறை.

வெளிநாட்டுல இதெல்லாம் சொன்ன நேரத்துல முடிச்சிடறாங்களே?

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தை 2003 கடைசியில் மூடினார்கள். 2008-ல் திறப்பதாகச் சொன்னார்கள், 2013 ஏப்ரலில் திறந்தார்கள். செலவு 37.5 கோடி யூரோ. தாமதத்துக்கு ஒரு காரணம், மியூசியத்துக்கு நடுவே போகும் சைக்கிள் பாதையை விட்டுத்தர சைக்கிள்காரர்கள் மறுத்தது! லண்டன் நகர மியூசியம் பழைய ஸ்மித்ஃபீல்ட் சந்தைக் கட்டடங்களுக்கு மாறும் திட்டம் 43.7 கோடி பவுண்டுக்குப் போயிருக்கிறது.

2008-ல திறந்ததைத் திரும்ப மூடினாங்களே, முதல்ல செஞ்ச வேலை வீணா?

கோவிட் நேரத்தில் 2020-ல் மூடியது, பழுதுபார்ப்பும் சேர்ந்துகொள்ள, 2025 ஜனவரியில்தான் திறந்தது. ஏறக்குறைய ஐந்து வருடம். கேட்டால் வயிறு எரியும்தான்.

வீண் என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு பெரிய கோயிலானாலும் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் என்று வழக்கம் வைத்தது எதற்கு? விமானத்தில் முளைத்த செடியைப் பிடுங்க, விரிசலை அடைக்க ஒரு சாக்கு வேண்டுமே. மியூசியத்துக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை. மூன்றாவது பதிலில் சொன்ன நகர்ந்த தகரம்தான் மறுபடியும். வருடா வருடம் ஏப்ரல், மே மாதத்தில் கூரை ஏறிப் பார்க்க, வடிகால் தூர்வார, சின்ன விரிசலை அடைக்க என்று பட்ஜெட்டில் ஒரு நிரந்தர வரி இருந்திருந்தால் மூடியிருந்த காலம் இவ்வளவு நீண்டிருக்காது என்பது என் எண்ணம்.

சரி, பணம் ஒழுங்காச் செலவாகுதான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?

மாநகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். "எவ்வளவு செலவு" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாகத்தான் பதில் வரும். இன்ன வருடம், கூரைப் பராமரிப்பு, ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, கடைசியாக யார் எந்தத் தேதியில் பரிசோதித்தார் என்று கேளுங்கள்.

அதற்கும் நேரமில்லையென்றால் ஆகஸ்டில் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், புதன்கிழமை மட்டும் விடுமுறை. பைகுல்லா ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால் நடக்கிற தூரம்தான். உள்ளே போனதும் தங்க ரேக்கைப் பார்க்காதீர்கள். சுவரும் கூரையும் சேரும் மூலைகளைப் பாருங்கள், ஈரக்கறை இருக்கிறதா என்று.